மைனஸ் 20-லயும் உப்பு ரோட்டைக் காப்பாத்துமாம்! யார் சொன்னது?

செந்தூல்காரன்:
கேஎல் (கோலாலம்பூர்) திடீர் வெள்ளம் பத்தின இழையில மெலாவாத்தி மைந்தன் எழுதினதை அப்படியே போடுறேன்: "மொண்ட்ரியால், சப்போரோ மாதிரி ஊர்ல ராத்திரி லாரியில உப்பைத் தூவிட்டுப் போயிடுவாங்க. மைனஸ் 20 ஆனாலும் காலையில ரோடு கறுப்பா கிடக்கும். நம்ம டிபிகேஎல்லுக்கு (மாநகர மன்றத்துக்கு) ஒரு மணி நேர மழையைச் சமாளிக்கத் துப்பில்லை." இதுக்கு ஒரு கூட்டமே கைதட்டிக்கிட்டு இருக்கு. டிபிகேஎல்லைத் திட்டுங்க, வேணாம்னு சொல்லலை. ஆனா பொய்யை வெச்சுத் திட்டாதீங்க.

கல் உப்பு மைனஸ் 9 டிகிரிக்குக் கீழ ரோட்டுல வேலைக்கு ஆகாது. அதுவும் காத்தோட சூடு இல்லை, தார் மேல இருக்கிற சூடு. அதனாலதான் உப்பு லாரியில தரையைப் பார்த்து அகச்சிவப்பு வெப்பமானி மாட்டுறாங்க. மைனஸ் 20-ல அந்த ஊர்க்காரங்க தூவுறது பெரும்பாலும் பொடிக்கல்லும் மணலும். அது பனியை உருக்காது, டயருக்குப் பிடி கொடுக்கும், அவ்வளவுதான்.

மெலாவாத்தி மைந்தன்:
பாஸ், நான் சொன்னது நம்ம ஊர் நிர்வாகத்தைப் பத்தி. நீங்க உப்பைப் பிடிச்சுக்கிட்டுத் தொங்குறீங்க.

பிறை பாலா:
செந்தூல்காரன் அவர்களே, இடைநிலைப் பள்ளி வேதியியலையே புரட்டிப் போடுகிறீர்கள். சோடியம் குளோரைடு கரைசல் உறையும் கடைசிப் புள்ளி மைனஸ் 21.1 டிகிரி. எடையில் 23.3 விழுக்காடு உப்பு இருக்கும்போது அது கிடைக்கும். உப்பின் அளவுக்கு ஏற்ப உறையும் புள்ளியைக் காட்டும் எந்தக் கட்ட வரைபடத்தை எடுத்தாலும் இதே எண்தான். மைனஸ் 20-இல் உப்பு பனிக்கட்டியை உருக்கும். மெலாவாத்தி மைந்தன் சொன்னதில் தவறே இல்லை. மைனஸ் 9 எங்கிருந்து வந்தது?

செந்தூல்காரன்:
லாரி ஓட்டுறவங்க கையில இருக்கிற அட்டவணையில இருந்து வந்தது தம்பி. ஒரு கிலோ உப்பு, மைனஸ் 1-ல சுமார் 46 கிலோ ஐஸை உருக்கும், அஞ்சு நிமிஷத்துல. மைனஸ் 7-ல 9 கிலோகூட இல்லை, இருபது நிமிஷம் ஆகும். மைனஸ் 9-ல 6 கிலோ சொச்சம், ஒரு மணி நேரம். மைனஸ் 15-ல 4 கிலோ. அங்க காய்ஞ்ச உப்பு கரையறதுக்குள்ள போற வர்ற கார் காத்துல ஓரத்துக்குப் பறந்துடும்.

இப்ப ரோட்டுல வெச்சுப் பாருங்க. ஒரு தடம் 3.5 மீட்டர் அகலம், 1 கிலோமீட்டர் நீளம், அப்போ 3,500 சதுர மீட்டர். 10 சென்டிமீட்டர் புதுப் பனி விழுந்தா, கன மீட்டருக்கு 100 கிலோன்னு வெச்சாலும் 35 டன். லாரி அந்த ஒரு கிலோமீட்டருக்குப் போடுறது சாதாரணமா 60-லிருந்து 110 கிலோ உப்பு. 100 கிலோன்னு வெச்சுக்கலாம். மைனஸ் 9-ல அது உருக்குறது 600 கிலோ. 35 டன்னுல 600 கிலோ! மைனஸ் 15-ல 400 கிலோ. முழுப் பனியையும் உப்பாலேயே உருக்கணும்னா மைனஸ் 15-ல ஒரு தடத்துக்குக் கிலோமீட்டருக்கு 9 டன் கொட்டணும். எந்த ஊரும் கொட்டாது.

உப்போட வேலையே பனியை உருக்குறது இல்லை. பனி தாரோட ஒட்டிக்காம அடியில மெல்லிசா ஒரு உப்புத்தண்ணிப் படலம் போடுறதுதான். மேல இருக்கிறதைத் தள்ளுறது கத்தி மாட்டின வண்டி. படலம் இருந்தா கத்தி வழிச்சு எடுக்கும். ஒட்டி இறுகிடுச்சுன்னா கத்தி மேலேயே வழுக்கிட்டுப் போகும், அடியில கண்ணாடி மாதிரி ஐஸ் நிக்கும். அதனால விவரம் தெரிஞ்ச ஊர்ல பனி விழறதுக்கு முன்னாடியே 23.3 விழுக்காடு உப்புத்தண்ணியைக் கோடு கோடா ஊத்திட்டுப் போவாங்க, தடத்துக்குக் கிலோமீட்டருக்கு 100 லிட்டர் கணக்குல. முதல்ல மழையா ஆரம்பிக்கும்னு தெரிஞ்சா ஊத்த மாட்டாங்க, அடிச்சிட்டுப் போயிடும்.

பிறை பாலா:
முதலில், "தம்பி" என்று கூப்பிடுவதை நிறுத்துங்கள். உங்கள் வயதும் என் வயதும் இந்த இழைக்குத் தேவையில்லை.

அடுத்து, நீங்களே எழுதிவிட்டீர்கள்: மைனஸ் 15-இல் ஒரு கிலோவுக்கு 4 கிலோ. அப்படியென்றால் உருகுகிறதா இல்லையா? உருகுகிறது. மைனஸ் 9 என்ற எல்லை உடைந்துவிட்டது. தெருத்தெருவாக ஐஸ்கிரீம் விற்ற காலத்தில் மரத்தொட்டியில் ஐஸும் உப்பும் கலந்துதான் மைனஸ் 18 வரை இறக்கினார்கள். அந்தத் தொட்டிக்குள் தண்ணீர் திரவமாகத்தானே இருந்தது? மைனஸ் 21.1. அறிவியல் உங்கள் லாரிக்காக மாறாது.

கெப்போங் கலா:
நடுவுல வரேன், மன்னிச்சிடுங்க. 30 சென்டிமீட்டர் பனின்னா தண்ணிக் கணக்குல ஏறக்குறைய 30 மில்லிமீட்டர். அது ஒரு நாள் பூரா விழுந்து, விழுந்த இடத்துலயே உட்கார்ந்திருக்கும். கேஎல்ல அதே 30 மில்லிமீட்டர் அரை மணி நேரத்துல கொட்டுது, உடனே ஓட ஆரம்பிக்குது. ஒரு ஹெக்டர் தார், மணிக்கு 100 மில்லிமீட்டர் மழைன்னா நொடிக்குச் சுமார் 280 லிட்டர் லோங்காங்குக்குள்ள (வாய்க்காலுக்குள்ள) இறங்கணும். பனியைக் காலையில அள்ளலாம். மழையைக் காலையில அள்ள முடியாது. இரண்டையும் ஒரே தராசுல வெச்ச மெலாவாத்தி மைந்தனைத்தான் முதல்ல கேக்கணும். நீங்க ரெண்டு பேரும் மைனஸ் 9, மைனஸ் 21-ன்னு ஏலம் விடுறீங்க.

செந்தூல்காரன்:
கலா, உங்க கணக்கு சரி, ஆனா இந்தப் பொய் இங்க தொடங்கலை, உப்புல தொடங்கினது.

பாலா, ஐஸ்கிரீம் தொட்டியில மூணு பங்கு ஐஸுக்கு ஒரு பங்கு உப்பு. மூடின தொட்டி. ஐஸ் பூஜ்ஜியத்துல இருந்து கிளம்புது. ரோட்டுல 35 டன்னுக்கு 100 கிலோ, திறந்த வெளி, ஏற்கனவே மைனஸ் 15-ல உறைஞ்சு கிடக்கிற தரை. நீங்க சொல்ற மைனஸ் 21.1 கரைசல் 23.3 விழுக்காடா இருந்தாத்தான். ரோட்டுல உருகுற ஒவ்வொரு சொட்டும் அந்தக் கரைசலை நீர்க்க வைக்குது. 10 விழுக்காட்டுக்கு இறங்கினா மைனஸ் 7-லயே உறைஞ்சிடும். மறுபடி உறையறதுதான் ஆபத்து, கண்ணுக்குத் தெரியாத மெல்லிசான கறுப்பு ஐஸ் அங்கதான் வருது. பாலத்துல முதல்ல வரும், ஏன்னா அடியிலயும் காத்து. ஏட்டுச் சுரைக்காய் கறிக்கு உதவாது.

மெலாவாத்தி மைந்தன்:
நான் நிர்வாகத்தைப் பத்திச் சொன்னேன். மறுபடி சொல்றேன், நிர்வாகம்.

செந்தூல்காரன்:
நிர்வாகமா? சரி, மொண்ட்ரியால் நிர்வாகம் என்ன பண்ணுதுன்னு கேட்டுக்கோங்க. "தூவிட்டுப் போயிடுவாங்க"ன்னு எழுதினீங்களே.

பனி விழ ஆரம்பிச்சதும் உப்பு, பொடிக்கல் வண்டி இறங்கும். கொஞ்சம் சேர்ந்ததும் கத்தி வண்டி ரோட்டோட ரெண்டு பக்கமும் ஒதுக்கும். 10, 15 சென்டிமீட்டருக்கு மேல போனா அள்ளுற வேலை. தெருவுல ஆரஞ்சு நிறப் பலகை நட்டு, இந்த நேரத்துக்குள்ள காரை எடுன்னு அறிவிப்பாங்க. அப்புறம் இழுவை லாரி சங்கு ஊதிக்கிட்டு வரும், எடுக்காத காரை இழுத்துட்டுப் போகும். பின்னாடி ஊதுகுழாய் இயந்திரம் குவிச்ச பனியை உறிஞ்சி லாரிக்குள்ள பீச்சி அடிக்கும். ஒரு லாரி நிறைஞ்சா அடுத்தது வந்து குழாய்க்கு அடியில நிக்கணும், வரிசை அறுந்துச்சுன்னா இயந்திரம் சும்மா நிக்கும். கொண்டு போய்க் கொட்டுறது பழைய ஃபிராங்கோன் கல்குவாரி மாதிரி இடத்துல, இல்லைன்னா கழிவுநீர்க் குழாய்க்குள்ள இறக்குற குழியில. கழிவுநீரோட வெதுவெதுப்புல கரையும். பெரிய பனிப்பொழிவுன்னா ஊர் முழுக்க அள்ளி முடிக்கப் பல நாள். ராத்திரியில தூவிட்டுத் தூங்கப் போறது இல்லை.

சப்போரோவுக்கு வருஷத்துக்குக் கிட்டத்தட்ட 5 மீட்டர் பனி. 1990-களின் தொடக்கத்துல ஆணி டயரைத் தடை பண்ணினப்போ ரோட்டு மேல இருந்த பனி பளபளன்னு தேய்ஞ்சு வழுக்க ஆரம்பிச்சது. இன்னைக்கும் சந்திப்புல மணல் பெட்டி வெச்சிருக்காங்க, நடக்கிறவங்களே எடுத்துத் தூவிக்கலாம். உப்பு ஒண்ணே போதும்னா மணல் பெட்டி எதுக்கு?

பிறை பாலா:
பலகை, சங்கு, குவாரி எல்லாம் அழகாகச் சொன்னீர்கள். கேள்விக்குப் பதில் இல்லை. மேலும், குளிர் கூடினால் கால்சியம் குளோரைடு கலப்பார்கள். அதன் கடைசிப் புள்ளி மைனஸ் 51 வரை போகும், கரையும்போது வெப்பத்தையும் வெளியிடும். இதை ஏன் மறைத்தீர்கள்? பினாங்கு மலை ரயில் இழையிலும் இப்படித்தான், உங்களுக்கு ஒத்துவராத பாதியை விட்டுவிட்டு எழுதினீர்கள்.

செந்தூல்காரன்:
மலை ரயிலை இங்க இழுக்காதீங்க. அதுல நான் சொன்னது ஒண்ணும் தப்பில்லை.

கால்சியம் குளோரைடை மறைக்கலை. மெலாவாத்தி எழுதினது "உப்பு". கால்சியம் விலை கூட, காத்துல இருந்து ஈரத்தை இழுத்துக்கிட்டு தரையை வழவழப்பாக்கும், அளவு தப்பினா அதுவே சறுக்கும். அதனால பெரும்பாலும் கல் உப்பை நனைக்க மட்டும் கொஞ்சம் சேர்ப்பாங்க, டன்னுக்கு 30, 40 லிட்டர். நனைக்காத கல் உப்புல சுமார் 30 விழுக்காடு தெறிச்சு ரோட்டை விட்டே போயிடும். நனைச்சா ஒட்டும்.

இன்னொண்ணு. லாரி பின்னாடி சுழல் தட்டு இருக்கே, அதுக்கு மேல உப்பு இறங்குற கதவை எவ்வளவு திறக்கிறதுன்னு ஒவ்வொரு வண்டிக்கும் தனியா அளந்து வெக்கணும். தட்டை நிறுத்திட்டு, ஒரு நிமிஷம் விழற உப்பைத் தார்ப்பாய்ல பிடிச்சு எடை போடுவாங்க. உப்பு ஈரமாகிக் கட்டி தட்டினா உப்பைத் தள்ளுற சங்கிலி சுத்தும், உப்பு இறங்காது. ஓட்டுனர் தூவிட்டோம்னு நினைச்சுக்கிட்டே போவார், பின்னாடி வெறும் ரோடு. மைனஸ் 9-ங்கிற எண் இப்படிப்பட்ட வேலையில இருந்து வந்தது, வரைபடத்துல இருந்து இல்லை.

பிறை பாலா:
மைனஸ் 21.1.

கெப்போங் கலா:
செந்தூல் அண்ணே, நீங்க கேஎல்லுக்கு வக்காலத்து வாங்குறதும் தாங்கலை. கேஎல்லோட ஸ்மார்ட் வெள்ளச் சுரங்கம் 9.7 கிலோமீட்டர், குளங்களோட சேர்த்து 30 லட்சம் கன மீட்டர் பிடிக்கும், 2007-ல திறந்தது, எல்லாம் சரி. ஆனா அது திருப்பி விடுறது கிள்ளான், அம்பாங் ஆத்துத் தண்ணியை. கோம்பாக் ஆறு மஸ்ஜித் ஜாமேக்குல, சுரங்க வாய்க்குக் கீழ வந்து சேருது. செந்தூல் பக்கம் நிக்கிற தண்ணிக்கும் சுரங்கத்துக்கும் சம்பந்தமே இல்லை. ரோட்டு ஓர வாய்க்கால் மூடியில குப்பையும், கட்டுமான இடத்து மண்ணும், கடைகள்ல ஊத்துற எண்ணெய்க் கட்டியும் அடைச்சுக்கிட்டா, கீழ எவ்வளவு பெரிய சுரங்கம் இருந்தாலும் ரோடு மூழ்கும்.

செந்தூல்காரன்:
நான் எங்க வக்காலத்து வாங்கினேன்? முதல் பதிவுலயே திட்டுங்கன்னு எழுதியிருக்கேன், மறுபடி படிங்க. செந்தூல்ல தண்ணி நிக்கிறதை கெப்போங்ல இருந்து யாரும் எனக்குச் சொல்லித் தர வேண்டாம்.

கெப்போங் கலா:
பாத்தீங்களா, உடனே ஊர்ச் சண்டை.

பிறை பாலா:
கேஎல்காரர்கள் ஊர்ச் சண்டையை வைத்துக்கொள்ளுங்கள். தான் பிடித்த முயலுக்கு மூன்றே கால் என்று நிற்பவர் யார் என்பதைப் படிப்பவர்கள் பார்த்துக்கொள்ளட்டும்.

கெப்போங் கலா:
2017 நவம்பர்ல பினாங்கு மூழ்கினதை மறந்துட்டீங்களா பாலா? அங்கயும் வாய்க்கால் இருக்கு.

மெலாவாத்தி மைந்தன்:
கடைசியா கேக்குறேன் பாஸ். 2014 ஜனவரியில அட்லாண்டா 5, 6 சென்டிமீட்டர் பனிக்கே ஸ்தம்பிச்சுப் போச்சே, ராத்திரி பூரா கார்ல கிடந்தாங்களே. அப்போ அங்க தோத்தது உப்பா, நிர்வாகமா?

செந்தூல்காரன்:
அட்லாண்டாவுல எல்லாரையும் ஒரே நேரத்துல வீட்டுக்கு அனுப்பினாங்க, ரோடு அடைச்சுக்கிச்சு, உப்பு லாரியும் கத்தி வண்டியும் அந்த நெரிசலுக்குள்ளயே மாட்டிக்கிச்சு. கார் டயர் மிதிச்சு மிதிச்சு பனி இறுகி ஐஸாச்சு. நான் சொன்னதுக்கு இதைவிட நல்ல உதாரணம் கிடையாது: பனி ஒட்டுறதுக்கு முன்னாடி உப்பு இறங்கணும், கத்தி பின்னாடியே வரணும். இப்ப நீங்க அந்த "மைனஸ் 20"-ஐ உங்க பதிவுல இருந்து எடுக்குறீங்களா இல்லையா?

மெலாவாத்தி மைந்தன்:
எடுக்க மாட்டேன். பாலா சார் 21.1-ன்னு சொல்லிட்டாரே.

பிறை பாலா:
23.3 விழுக்காடு, மைனஸ் 21.1 டிகிரி. எழுதி வைத்துக்கொள்ளுங்கள்.

செந்தூல்காரன்:
எழுதி வெச்சுக்கிட்டு 100 கிலோவை 35 டன் மேல தூவிப் பாருங்க. நாளைக்கு உப்பு பாலத்துக் கம்பியைத் தின்கிற கணக்கோட வரேன்.