அவசரம்: பழைய கார் படம் ஒன்று, பெயர் தெரியவில்லை

பின்சீட்:
வணக்கம். ஒரு படத்தின் பெயர் வேண்டும். கார் வேகமாகப் போய்க்கொண்டே இருக்கும், படமே அவ்வளவுதான். பழைய படம். பழைய கார் என்றால் உயிரை விடும் நண்பனுக்கு நாளை பிறந்தநாள், போட்டுக் காட்டலாம் என்றிருக்கிறேன். கூடவே கொடுக்க ஒரு புத்தகமும் சொல்லுங்கள். சீக்கிரம் ப்ளீஸ்.

எண்ணெய்க்கறை:
என்ன கார், என்ன நிறம்? கறுப்பு வெள்ளையா, கலரா?

மஸ்டாங்பித்தன்:
இதற்கு எதற்கு விசாரணை? ‘புல்லிட்’ தான், 1968. ஸ்டீவ் மெக்வீன், பச்சை மஸ்டாங், சான் பிரான்சிஸ்கோவின் மேடு பள்ளம். துரத்தல் மட்டுமே 10 நிமிடம். வில்லன்களின் கறுப்பு டாட்ஜ் சார்ஜரைக் கவனியுங்கள், நாலு சக்கரத்திலிருந்து நாலுக்கு மேல் வீல்கப் (சக்கர மூடி) கழன்று ஓடும். ஒரே பச்சை ஃபோக்ஸ்வேகன் பீட்டில் காரைத் திரும்பத் திரும்ப முந்துவார்கள். அதையெல்லாம் மன்னித்துவிடலாம்.

கார்புரேட்டர்:
தம்பி, காணாமல் போனவருக்கு ‘இரண்டு கண் இருக்கும்’ என்று அடையாளம் சொன்னால் எப்படித் தேடுவது? கேள்வி கேட்கவும் ஒரு முறை இருக்கிறது. பழைய உரையாடல் இழைகளைப் புரட்டும் பழக்கமும் இங்கே யாருக்கும் இல்லை.

சுருள்:
வசனம் உண்டா? குறைவு என்றால் ‘லெ மான்’ (1971), பிரான்ஸின் 24 மணி நேர கார் ரேஸைப் பற்றியது. அதுவும் மெக்வீன்தான். ஏறக்குறைய அரைமணி நேரம் ஒலிபெருக்கி அறிவிப்பைத் தவிர யாரும் வாய் திறக்க மாட்டார்கள். போர்ஷே 917, ஃபெராரி 512 என்ற ரேஸ் கார்கள்தான் பேசிக்கொள்ளும்.

பின்சீட்:
கலர். வசனம் கிடையாது. கார் தெரியாது.

எண்ணெய்க்கறை:
என்ன கார் என்று தெரியாதா, கண்ணிலேயே படாதா?

பின்சீட்:
கண்ணில் படாது. ரோடு மட்டும்தான் தெரியும்.

எண்ணெய்க்கறை:
இதை முதலிலேயே சொல்ல வேண்டாமா சார்! எந்த ஊர், எவ்வளவு நேரம் ஓடும்?

மஸ்டாங்பித்தன்:
புல்லிட்டிலும் காருக்குள்ளிருந்து எடுத்த ஷாட் இருக்கிறது.

வாசகி:
விடிகாலை, காலித் தெரு, சிவப்பு விளக்கை மதிக்காமல் ஓட்டம், நடுவில் புறாக்கள் சிதறும், கடைசியில் ஒரு பெண் படியேறி வருவார். இதுதானா? அப்படியானால் கிளாட் லெலூஷ் 1976-இல் பாரிஸில் எடுத்த ‘ராந்தேவூ’. ஒரே ஷாட், 8 நிமிடத்துக்குச் சற்றுக் கூடுதல். வண்டியின் முன்னால் கேமராவைப் பொருத்தி எடுத்தது, அதனால்தான் கார் தெரியவில்லை. கேக் வெட்டி முடிப்பதற்குள் படமும் முடிந்துவிடும்.

வி12காது:
ஆமாம், ஃபெராரி 275 ஜிடிபி. அந்தச் சத்தத்துக்கே கோயில் கட்டலாம்.

கார்புரேட்டர்:
கேட்பது ஃபெராரி. ஓடியது மெர்சிடிஸ் 450 எஸ்இஎல் 6.9. சத்தம் பிறகு ஒட்டியது. இதை லெலூஷே சொல்லியாயிற்று. இது கூடத் தெரியாமல் கோயில் கட்டக் கிளம்பிவிட்டார்கள்.

வி12காது:
நம்ப மாட்டேன். வளைவுக்கு முன் கியரைக் குறைப்பது காதில் விழவில்லையா?

கார்புரேட்டர்:
அதுதான் சாட்சி. அந்த மெர்சிடிஸில் மூன்றே நிலை ஆட்டோமேட்டிக் கியர். நீங்கள் கேட்பதோ ஐந்தாவது வரை கையால் மாற்றுவது. படம் குலுங்காமல் இருப்பதற்கும் மெர்சிடிஸின் ஹைட்ரோ நியூமேட்டிக் சஸ்பென்ஷன்தான் (எண்ணெயும் வாயுவும் சேர்ந்து அதிர்வைத் தாங்கும் அமைப்பு) காரணம்.

மஸ்டாங்பித்தன்:
அப்படியென்றால் படமே ஏமாற்று வேலை.

வாசகி:
வீல்கப்பை மன்னித்தவர் இதையும் மன்னிக்கலாம் அண்ணா.

சுருள்:
தூரம் ஏறக்குறைய 10 கி.மீ. நேரத்தால் வகுத்துப் பாருங்கள், சராசரி மணிக்கு 80 கி.மீ.-ஐ ஒட்டித்தான் வரும். காதுக்குத்தான் 200. ஆனாலும் லெலூஷ் சிவப்பு விளக்கை உண்மையாகவே தாண்டியிருக்கிறார், வயிறு கலங்குவது அதற்கு.

எண்ணெய்க்கறை:
புத்தகத்தை எல்லோரும் மறந்துவிட்டீர்கள். பின்சீட், நண்பருக்கு ரேஸ் கார் பிடிக்குமா, ரோட்டில் ஓடியதா? ரேஸ் என்றால் ஏ. ஜே. பெய்ம் எழுதிய ‘கோ லைக் ஹெல்’ (2009). ஃபோர்டும் ஃபெராரியும் மோதிய கதை. 2019-இல் வந்த ‘ஃபோர்டு வெர்சஸ் ஃபெராரி’யைப் பார்த்திருந்தாலும் வாங்கலாம். படத்தில் ஃபெராரி கம்பெனியின் நிறுவனர் என்ஸோ ஃபெராரி 1966 லெ மான் ரேஸை நேரில் உட்கார்ந்து பார்ப்பார், நிஜத்தில் அவர் வரவேயில்லை. ஃபோர்டு கார்கள் அணிவகுத்து முடிக்கப் போய், பின்னாலிருந்து புறப்பட்ட இன்னொரு ஃபோர்டு அதிக தூரம் ஓடியது என்று ஃபோர்டு ஓட்டுநர் கென் மைல்ஸின் கையிலிருந்து வெற்றி நழுவியது மட்டும் நிஜம்.

சுருள்:
ரேஸ் வேண்டாம் என்றால் ரித்விக் கட்டக்கின் ‘அஜாந்த்ரிக்’ (1958) என்ற வங்காளப் படத்தைப் பார்க்கச் சொல்லுங்கள். ஒரு டாக்சிக்காரர், ஜகத்தல் என்ற ஓட்டை ஷெவர்லே. ரேடியேட்டரில் தண்ணீர் ஊற்றினால் தாகம் எடுத்தவர் மாதிரி மடமடவென்று குடிக்கும். மெக்வீன் ரசிகர்களுக்கு இது பிடிபடாது.

மஸ்டாங்பித்தன்:
யாரைச் சொல்கிறீர்கள்?

கார்புரேட்டர்:
கார்களின் பாதுகாப்புக் குறைகளைப் பற்றி ரால்ஃப் நேடர் எழுதிய ‘அன்சேஃப் அட் எனி ஸ்பீட்’ (1965) படிக்காதவர் கார் பற்றிப் பேசவே கூடாது.

வாசகி:
முதல் அத்தியாயமே ஷெவர்லே கார்வேரைக் கிழித்துப் போடுவது. நண்பர் கார்வேர் பிரியராக இருந்தால் பிறந்தநாள் உருப்பட்ட மாதிரிதான்.

பின்சீட்:
ராந்தேவூ. அதேதான். நன்றி.

எண்ணெய்க்கறை:
சரி, புத்தகம்? ரேஸா, ரோடா, அதைச் சொல்லவே இல்லையே?

வி12காது:
அவர் கிளம்பிவிட்டார். கார்புரேட்டர் சார், கடைசியில் மோன்மார்த்ர் மேட்டில், கல் பாவிய தெருவில் டயர் கிறீச்சிடுகிறதே, அது எந்த வண்டியின் டயர்?