புதுப்பிப்பு: அப்பாவின் இதய எம்ஆர்ஐ முடிவு வந்துவிட்டது

மாரடைப்புக்குப் பின் ஸ்டென்ட் வைத்து அடைப்பை நீக்கியாகிவிட்டதே, அப்பாவுக்கு எம்ஆர்ஐ எதற்கு என்று முன்பு கேட்டிருந்தேன். பெரிய ரத்தக் குழாய் திறந்தாலும் தசைக்குள் இருக்கும் நுண்குழாய்கள் அடைபட்டே இருக்கலாம் என்றும், ஆஞ்சியோகிராமில் அவை கண்ணுக்குத் தெரியாது என்றும் மருத்துவர் பொறுமையாக விளக்கினார். ரத்தக் குழாய்களை விரிக்கும் அடினோசின் என்ற மருந்தை ரத்தநாளம் வழியே ஏற்றி, ரத்த ஓட்டம் கூடும் வேளையில், படத்தில் ஒளிர்ந்து தெரியும் காடோலினியம் மருந்து இதயத் தசைக்குள் பரவுவதைத் துடிப்புக்குத் துடிப்பு படமெடுக்கிறார்கள். ஓட்டம் குறைந்த இடம் கறுத்துத் தெரிகிறது. அந்த ஒளிர்வு மாற்றத்தைக் கொண்டு, ஒரு கிராம் தசைக்கு நிமிடத்திற்கு எத்தனை மில்லிலிட்டர் ரத்தம் பாய்கிறது என்று எண்ணாகவே கணக்கிட முடிகிறது. ஓய்வில் இது ஏறத்தாழ 1 மி.லி. இருக்கும். அப்பாவுக்கு மாரடைப்பால் இதயத் தசையில் ஏற்பட்ட தழும்பின் ஓரத்தில் மட்டுமே ஓட்டம் குறைவு என்பது எங்களுக்குப் பெரிய ஆறுதல். இப்பரிசோதனைக்குச் செல்பவர்கள் முந்தைய நாளே காபி, டீயை நிறுத்திவிடுங்கள். காஃபீன் அடினோசினை வேலை செய்யவிடாது.