புதுப்பிப்பு: அம்மாவின் போனில் சார்ஜ் நிற்காத விஷயம்

போன வாரம் கேட்டிருந்தேன்: பட்டர்வொர்த்திலிருந்து ஃபெரி ஏறி பினாங்குத் தீவிலுள்ள ஜார்ஜ் டவுனுக்கு வேலைக்குப் போகும் அம்மாவின் போன் மதியத்துக்குள் 10 விழுக்காட்டுக்கு இறங்கிவிடுகிறது, திரை 30 விநாடியில் அணையும்படி வைத்தும் பயனில்லை என்று.

காரணம் கிடைத்துவிட்டது. அம்மா தேவாரம் படிக்கும் செயலியில் திரையை அணையவிடாமல் வைக்கும் தேர்வு ஒன்று இருக்கிறது. அந்தச் செயலி திறந்திருக்கும்வரை போனில் நாம் வைத்த நேரம் செல்லாது. படித்த கையோடு பையில் போட்டுவிடுவார். உள்ளே திரை எரிந்துகொண்டே இருந்திருக்கிறது, பாவம்! அதை நிறுத்தியதும் நேற்று வீடு திரும்பும்போது 46 விழுக்காடு மிச்சம்.

கறுப்புப் பின்னணி வைக்கச் சொன்ன அண்ணனுக்கு நன்றி. ஆனால் இது எல்சிடி திரை. பின்விளக்கு எப்படியும் எரியும் என்பதால் அதில் பெரிய பலன் இல்லை. ஓலெட் திரையில்தான் கறுப்புப் புள்ளிகள் அணைந்து மின்சாரம் மிஞ்சும்.

அப்புறம், 30 விநாடியில் ஒரு பதிகம் படித்து முடியாது. ஒரு நிமிடமாக்கினேன். அணையுமுன் திரை மங்கும்போது லேசாகத் தொட்டால் போதும் என்று காட்டிக் கொடுத்தேன். வெளிச்சம் தானாகவே மாறட்டும் என்று விட்டுவிட்டேன். ஃபெரித் துறை வெயிலில் அது ஏறினாலும் பரவாயில்லை, அம்மாவுக்கு எழுத்து தெரிய வேண்டும்.