அந்த ஃபோல்டரை இப்போது அழிக்க வேண்டாம் மாமா

(குடும்பக் குழு: செவ்வாய்க்கிழமை)

காலை 8:50 – பெரியம்மா: எல்லோருக்கும் காலை வணக்கம் 🙏 இன்று கிருத்திகை. மறக்காமல் விளக்கேற்றுங்கள்.

காலை 9:04 – திண்டுக்கல் மாமா: கதிர், தேனு, யாராவது இருக்கிறீர்களா? கடை கம்ப்யூட்டரில் சி டிரைவ் சிவப்பாகிவிட்டது. 2 ஜிபிதான் மீதி. பிரிண்ட் கொடுத்தால் பாதியில் நிற்கிறது. வாசலில் ஆள் நிற்கிறார்கள்.

காலை 9:05 – திண்டுக்கல் மாமா: உள்ளே போய்ப் பார்த்தேன். விண்டோஸ்.ஓல்ட் என்று ஒரு ஃபோல்டர், 41 ஜிபி. பழசுதானே என்று டெலீட் கொடுத்தேன். அட்மினிஸ்ட்ரேட்டர் அனுமதி வேண்டும், கன்டினியூவா என்று கேட்கிறது. கொடுக்கட்டுமா?

காலை 9:05 – தேன்மொழி: வேண்டாம் மாமா!! கேன்சல் கொடுங்கள்.

காலை 9:06 – தேன்மொழி: கேன்சல் ஆகிவிட்டதா? சொல்லுங்கள்.

காலை 9:08 – திண்டுக்கல் மாமா: ஆகிவிட்டது மா. ஏன், என்ன அது?

காலை 9:10 – தேன்மொழி: சனிக்கிழமை ஒருவர் வந்து புது விண்டோஸ் போட்டார் என்றீர்களே. போட்ட பிறகு டெஸ்க்டாப்பில் உங்கள் ஃபைல்கள் அப்படியே இருந்தனவா, இல்லை வெறும் குப்பைத்தொட்டி ஐகான் மட்டுமா?

காலை 9:12 – திண்டுக்கல் மாமா: வெறுமையாக இருந்தது. பில் எக்ஸெல், சர்டிஃபிகேட் மாதிரிகள், கல்யாணப் பத்திரிகை டிசைன் ஒன்றும் இல்லை. கேட்டதற்கு, ஃபார்மட் செய்தால் போகத்தான் செய்யும் என்றார். உங்கள் அத்தை இரண்டு நாளாக என்னோடு பேசவில்லை.

காலை 9:13 – அத்தை: நாலு வருடக் கணக்கு அதில்தான் இருந்தது தேனு. யார் யார் எவ்வளவு பாக்கி என்பதெல்லாம்.

காலை 9:15 – தேன்மொழி: அத்தை, பெரும்பாலும் எதுவும் போகவில்லை. ஃபார்மட் செய்திருந்தால் அந்த விண்டோஸ்.ஓல்ட் ஃபோல்டரே இருக்காது. டிரைவைத் துடைக்காமல் மேலேயே புதிதாகப் போட்டிருக்கிறார். அப்படிப் போட்டால், பழைய விண்டோஸ், புரோகிராம்கள், உங்கள் ஃபைல்கள் எல்லாவற்றையும் புது விண்டோஸ் அந்த ஒரே ஃபோல்டருக்குள் ஒதுக்கி வைத்துவிடும். 41 ஜிபி வந்ததே அதனால்தான்.

காலை 9:16 – அத்தை: நிஜமாகவா!

காலை 9:21 – கதிர்: மீட்டிங்கில் இருந்தேன். அக்கா சொல்வது சரி. மாமா, விண்டோஸ்.ஓல்ட் திறந்து, யூசர்ஸ் போங்கள். உங்கள் பழைய பெயரில் ஒரு ஃபோல்டர் இருக்கும். அனுமதி இல்லை, கன்டினியூ அழுத்து என்று வரும். இந்தக் கன்டினியூ அழுத்தலாம், இது திறந்து பார்ப்பதற்கு. பச்சைப் பட்டை மெதுவாக ஓடும், காத்திருங்கள்.

காலை 9:34 – திண்டுக்கல் மாமா: டெஸ்க்டாப், டாக்குமென்ட்ஸ், டவுன்லோட்ஸ் எல்லாம் இருக்கிறது!! பாக்கி எக்ஸெல் திறந்தே பார்த்துவிட்டேன். போன வெள்ளிக்கிழமை எழுதியது வரைக்கும் இருக்கிறது.

காலை 9:34 – அத்தை: முருகா 🙏🙏

காலை 9:35 – பெரியம்மா: கிருத்திகை அன்று நல்ல சேதி. தம்பி, முதலில் அவளுக்கு ஒரு காபி போட்டுக் கொடு.

காலை 9:38 – கதிர்: மாமா, இன்னொன்று. இந்த ஃபோல்டர் ரொம்ப நாள் இருக்காது. விண்டோஸ் பொதுவாக 10 நாளில் தானாகவே அழித்துவிடும், நம்மைக் கேட்காது. சனிக்கிழமை போட்டது, இன்று செவ்வாய். அதனால் இன்றே எடுத்துவிடுவோம். 64 ஜிபி பென்டிரைவ் இருக்கிறதா? சி டிரைவுக்குள்ளேயே காப்பி செய்ய இடமில்லை.

காலை 9:40 – திண்டுக்கல் மாமா: விற்பனைக்கு வைத்திருப்பதில் ஒன்று எடுக்கிறேன். அப்புறம் பாமினி, வானவில் எழுத்துருக்களும் காணோம். பழைய பத்திரிகை டிசைனைத் திறந்தால் தமிழுக்குப் பதில் புரியாத ஆங்கில எழுத்தும் குறியுமாக வருகிறது.

காலை 9:43 – கதிர்: அதுவும் உள்ளேதான் இருக்கும், விண்டோஸ்.ஓல்ட், விண்டோஸ், ஃபான்ட்ஸ். ஆனால் அந்த ஃபோல்டரை எக்ஸ்புளோரரில் திறந்தால் இப்போதைய எழுத்துருக்களைக் காட்டிக் குழப்பலாம். மதியம் எனிடெஸ்க்கில் (இங்கிருந்தே உங்கள் கம்ப்யூட்டரை இயக்கும் ஆப்) வந்து கமாண்ட் மூலம் நானே காப்பி செய்து தருகிறேன். புரோகிராம்களை மட்டும் இப்படி எடுக்க முடியாது. போட்டோஷாப், பிரிண்டர் டிரைவர் எல்லாம் மறுபடி இன்ஸ்டால் செய்தால்தான் ஓடும்.

காலை 9:46 – திண்டுக்கல் மாமா: இப்படியே பழைய விண்டோஸுக்கே திரும்பிப் போக முடியாதா? எனக்கு அதுதான் பழக்கம்.

காலை 9:50 – கதிர்: ஃபைல்களும் புரோகிராம்களும் அப்படியே இருக்கும்படி அப்கிரேட் செய்திருந்தால் செட்டிங்ஸில் சிஸ்டம், ரிகவரி என்ற இடத்தில் 'கோ பேக்' இருந்திருக்கும். உங்களுடையது புதிதாகப் போட்டது, அந்த வழி இல்லை. உங்கள் பழைய விண்டோஸ் 10-க்கான வழக்கமான ஆதரவும் 2025 அக்டோபர் 14-உடன் முடிந்துவிட்டது மாமா. ஆதார், பேங்க் பாஸ்புக் என்று ஊராருடைய பேப்பர் எல்லாம் வரும் கம்ப்யூட்டர். இப்போது போட்டிருக்கும் விண்டோஸ் 11-லேயே இருங்கள்.

மதியம் 1:20 – திண்டுக்கல் மாமா: பென்டிரைவில் 19 ஜிபி ஏறிவிட்டது. கதிர் எழுத்துருவும் போட்டுக் கொடுத்துவிட்டான், பத்திரிகை சரியாக வருகிறது. இப்போது அழிக்கலாமா?

மதியம் 1:22 – தேன்மொழி: பென்டிரைவைக் கழற்றி வீட்டு லேப்டாப்பில் போட்டு, நாலைந்து ஃபைல் திறக்கிறதா என்று பாருங்கள். அங்கேயும் ஒரு காப்பி வையுங்கள். இதை அழித்தால் ரீசைக்கிள் பின்னுக்குப் போகாது, நேராகப் போய்விடும்.

மதியம் 2:05 – அத்தை: பார்த்தாயிற்று தேனு. எல்லாம் திறக்கிறது. லேப்டாப்பிலும் ஏற்றிவிட்டேன்.

மதியம் 2:08 – தேன்மொழி: சரி மாமா, இப்போது செய்யலாம். டெலீட் பட்டன் வழியாக வேண்டாம். பல ஃபைல்கள் உங்கள் பெயரில் இல்லை, விண்டோஸ் பெயரில் இருக்கின்றன. பாதி போகும், பாதி மாட்டிக்கொள்ளும். செட்டிங்ஸ், சிஸ்டம், ஸ்டோரேஜ், டெம்பரரி ஃபைல்ஸ் போங்கள். கணக்குப் போட்டு ஒரு பட்டியல் காட்டும். அதில் 'ப்ரீவியஸ் விண்டோஸ் இன்ஸ்டாலேஷன்' என்பதை டிக் செய்யுங்கள். அதே பட்டியலில் டவுன்லோட்ஸ் என்றும் ஒன்று வரும். அதில் டிக் இருக்கவே கூடாது. அது குப்பை இல்லை, சனிக்கிழமையிலிருந்து ஆட்கள் மெயிலில் அனுப்பியதையெல்லாம் அங்கேதான் இறக்கியிருப்பீர்கள்.

மதியம் 2:12 – திண்டுக்கல் மாமா: ஆமாம், டவுன்லோட்ஸ் இருக்கிறது. டிக் இல்லை. 'டெம்பரரி விண்டோஸ் இன்ஸ்டாலேஷன் ஃபைல்ஸ்' என்று இன்னொன்றும் இருக்கிறதே?

மதியம் 2:13 – கதிர்: அது விண்டோஸ் போடும்போது இறக்கிய பொதி. வேலை முடிந்துவிட்டது, டிக் செய்யலாம். அப்டேட் எதுவும் பாதியில் ஓடவில்லையே?

மதியம் 2:14 – திண்டுக்கல் மாமா: இல்லை. ரிமூவ் கொடுத்துவிட்டேன்.

மதியம் 2:31 – திண்டுக்கல் மாமா: 46 ஜிபி காலி!! சிவப்பு போய்விட்டது. பிரிண்டும் ஒரே மூச்சில் வருகிறது.

மதியம் 2:33 – திண்டுக்கல் மாமா: விண்டோஸ் ஃபோல்டருக்குள் வின்எஸ்எக்ஸ்எஸ் என்று ஒன்று, அதுவும் பல ஜிபி காட்டுகிறது. அதையும் தூக்கிவிடட்டுமா?

மதியம் 2:33 – கதிர்: ஐயோ மாமா, அதைத் தொடவே தொடாதீர்கள். இப்போது ஓடும் விண்டோஸின் உறுப்புகள் அதில்தான் இருக்கின்றன. அழித்தால் அடுத்த முறை கம்ப்யூட்டர் எழுந்திருக்காமலே போகலாம். காட்டுகிற அளவும் முழு உண்மை இல்லை, ஒரே ஃபைல் இரண்டு இடத்தில் தெரிவதால் இரண்டு முறை எண்ணப்படுகிறது.

மதியம் 2:35 – திண்டுக்கல் மாமா: சரி, மூடிவிட்டேன்.

மதியம் 2:40 – தேன்மொழி: மாமா, அந்தப் பென்டிரைவில் வந்த பழைய டவுன்லோட்ஸில் எத்தனை பேருடைய ஆதாரும் மார்க்‌ஷீட்டும் இருக்கும்? வேலை முடிந்ததையெல்லாம் அழித்துவிடுங்கள். லேப்டாப் காப்பியிலும்தான். நம்பிக் கொடுத்தது.

மதியம் 2:46 – அத்தை: அதை நான் பார்த்துக்கொள்கிறேன் தேனு. கணக்கும் டிசைனும் மட்டும் தனியே வைக்கிறேன். இனிமேல் தினமும் கடை மூடும்போது ஆதாரெல்லாம் அழித்துவிட்டுத்தான் ஷட்டர் இறக்குவோம்.

மதியம் 2:47 – பெரியம்மா: தம்பி, காபி போட்டாயா இல்லையா?

மதியம் 2:49 – அத்தை: போட்டார் அண்ணி. சர்க்கரை கொஞ்சம் தூக்கல்.