வெத்தலை போட்டா கன்னம் தொங்குமா?

ஓட்டுநர் மகன்:
"வெத்தலை போடுறவங்களுக்குத்தான் கன்னம் சீக்கிரம் தொங்கும்"னு நேத்து குடந்தைக்காரர் எழுதியிருந்தார். படிச்சதுலேருந்து மனசு ஆறல. எங்கப்பா கும்பகோணம்–மன்னார்குடி ரூட்ல 30 வருஷம் பஸ் ஓட்டினவர். வெத்தலையை வாயில வச்சதே இல்ல. அவருக்கு வலது கன்னம் மட்டும் தளர்ந்து, தாடையோரம் மடிப்பு மடிப்பா விழுந்திருக்கு. இடது கன்னம் பத்து வயசு குறைச்சலா தெரியும். ஜன்னல் வலதுபக்கம்! வெயில்ல இருக்கிற யூ.வி.ஏ.ங்கிற புற ஊதாக் கதிர் கண்ணாடியைத் தாண்டியும் உள்ள வரும். தோலோட உள்ளடுக்கு வரைக்கும் போய், அதைத் தாங்கிப் பிடிக்கிற கொலாஜன், எலாஸ்டின் நாரையெல்லாம் சிதைச்சுடும்.

குடந்தைக்காரன்:
காலையில தெற்கே மன்னார்குடிக்குப் போறப்போ வெயில் இடதுபக்கம்ல அடிக்கும்? வலங்கைமான், நீடாமங்கலம் வழியா நானும் போனவன்தான் தம்பி. அப்பா வலதுபக்கம் ஒருக்களிச்சுப் படுப்பாரா இருக்கும்.

ஓட்டுநர் மகன்:
இடதுபக்க வெயில் பஸ்ஸோட அகலத்தைத் தாண்டி வரணும். வலது ஜன்னல் முகத்துலேருந்து ஒரு முழம்கூட இல்ல. காலையில திரும்புற ட்ரிப், சாயங்காலம் போற ட்ரிப், ரெண்டுலயும் வலது கன்னம்தான் காயும். 2012ல ஒரு அமெரிக்க மருத்துவ இதழ்ல 28 வருஷம் லாரி ஓட்டின 69 வயசுக்காரர் படம் வந்துது. அவருக்கு இடது கன்னம். அங்க ஸ்டியரிங் இடதுபக்கம். அவர் எந்தக் கடையில வெத்தலை வாங்கினார்?

திருவாரூர் அக்கா:
வெயில் மட்டும்தானா? மாதவிடாய் நின்ன முதல் 5 வருஷத்துல தோல்ல கொலாஜன் ஏறக்குறைய 30 சதவீதம் குறையும். பல் விழுந்தா தாடை எலும்பு கரையும். கன்னத்துக் கொழுப்பு கீழ இறங்கும். பொம்பளைங்க முகத்தைப் பத்தி ஒருத்தரும் பேசல. ஒரு டிரைவர் கன்னத்தையே புடிச்சுத் தொங்குறீங்க.

குடந்தைக்காரன்:
பல்லுன்னு அக்காவே சொல்லிட்டாங்க. புகையிலையோட வெத்தலை போட்டா ஈறு கெடும், பல்லு போகும். நான் சொன்னதும் அதான்.

ஓட்டுநர் மகன்:
நேத்து புகையிலைங்கிற வார்த்தையே நீங்க எழுதல. 2025ல கும்பகோணம் வெத்தலைக்குப் புவிசார் குறியீடு கிடைச்சப்போ "எங்க ஊர் வெத்தலை"ன்னு மார்தட்டினதும் நீங்கதான்.

ராஜகிரியான்:
வெத்தலை விளையிற கொடிக்கால் எங்க ராஜகிரியில, பேரு மட்டும் கும்பகோணத்துக்கு. இதை எத்தனை தடவை சொல்றது?

குடந்தைக்காரன்:
வந்துட்டார்யா. உங்க வெத்தலை எங்க மார்க்கெட்டுக்கு வந்துதானே பேர் வாங்குச்சு?

ஓட்டுநர் மகன்:
கொடிக்கால் சண்டையைத் தனியா வச்சுக்குங்க. எனக்குப் பதில் வரல. வலது கன்னம் மட்டும் ஏன்? கும்பகோணம் பஸ் ஸ்டாண்டுல 50 வயசு தாண்டின பத்து டிரைவரை ரெண்டு பக்கமும் பாருங்க.

குடந்தைக்காரன்:
பாக்குறேன். வெத்தலையை எந்தப் பக்கம் அடக்குவாங்கன்னும் கேட்டுட்டு வர்றேன்.