கடன் இல்லை என்று சொல்லிக்கொள்கிறோமே, நிஜமாகவே இல்லையா? உங்கள் அனுபவத்தைப் பகிருங்கள்

சேரன்மாதேவிக்காரன்:
வீட்டுக் கடன் முடிந்த அன்று அப்பா தெரு முழுக்கச் சொல்லிவிட்டார். பார்க்கிறவரிடமெல்லாம் "நமக்கு இனி ஒரு பயலுக்கும் ஒத்த ரூவா பாக்கி கிடையாது" என்பதுதான் பேச்சு. அப்புறம் தங்கச்சி கல்யாணத்துக்காக வீட்டுக்குப் பின்னால் கிடக்கும் மனையைக் கொடுக்கலாம் என்று ஆள் பார்த்தோம். வாங்க வந்தவர் பத்திரம் எழுதுகிறவரையும் கையோடு கூட்டி வந்திருந்தார். அவர் வில்லங்கச் சான்றை விரித்து, காதில் செருகியிருந்த பென்சிலை எடுத்து, ஒரு வரியைச் சுற்றி வட்டம் போட்டார். வங்கிக்கு மூலப் பத்திரத்தை ஒப்படைத்துக் கடன் வாங்கிய பதிவு.

"கடன அடைச்சிட்டிய, சரி. ரசீது பத்திரம் போட்டியளா?"

வங்கியில் யாரும் அப்படி ஒன்று இருப்பதாகச் சொல்லவே இல்லை. அப்பா பீரோவைத் திறந்து, பிளாஸ்டிக் கவரில் பத்திரமாக வைத்திருந்த கடிதத்தைக் கொண்டுவந்து நீட்டினார். கடன் முழுக்க முடிந்தது என்று வங்கி கொடுத்த கடிதம். எழுத்தர் அதைப் படிக்கக்கூட இல்லை. "இது உங்க கையில இருக்கு அண்ணாச்சி. சார்பதிவாளர் ஆபீஸ்ல ஏறலல்லா?" வந்தவர் காப்பியைக் குடித்துவிட்டுப் போனவர்தான், திரும்ப வரவில்லை. அந்தக் கவரை எங்கே வைப்பது என்று தெரியாமல் அப்பா நின்றது இன்னும் எனக்கு உறுத்துகிறது. யாருக்காவது இப்படி நடந்திருக்கிறதா?

பீடித்தட்டு:
எனக்குப் பத்திரமும் கிடையாது, வில்லங்கமும் கிடையாது. குழுக் கடன். முக்கூடல் பக்கம் எங்கள் தெருவில் அது இல்லாத வீடு கம்மி.

என் பங்கு முடிந்தது, கார்டில் கையெழுத்தும் வாங்கியாச்சு. அடுத்த வாரம் வசூல் பையன் வழக்கம்போல எங்கள் திண்ணையில் வந்து உட்கார்ந்தான். எதிர்வீட்டு அக்கா வரவில்லை, மகளுக்குப் பிரசவம் என்று பாளை ஆஸ்பத்திரியில் இருந்தாள். "உங்க குழு ஆள்தான அக்கா, எல்லாரும் சேந்து போட்டுக் கட்டுங்க, நான் அடுத்த ஊருக்குப் போணும்" என்றான். நான் முடிச்சிட்டேன் தம்பி என்றேன். "முடிச்சா என்னக்கா, நாளைக்கு உங்களுக்குத் திரும்ப வேணும்லா?"

மடியில் தட்டு, விரலில் நூல். ஒரு பதிலும் வரவில்லை எனக்கு. பீடிக்கடையில் அன்றைக்கு வாங்கிய கூலியிலிருந்து எடுத்துக் கொடுத்தேன். அவனும் பாவம்தான், சாயங்காலம் மேனேஜரிடம் ஏச்சு வாங்குவான். ஆனால் "திரும்ப வேணும்லா" என்று எவ்வளவு லேசாகச் சொன்னான்!

மானூர் கரிசல்:
நம்ம ஊரில் கந்துவட்டி பற்றி யாருக்கும் விளக்க வேண்டாம். 2003-லேயே சட்டம் வந்துவிட்டது. 2017 அக்டோபரில் நெல்லை கலெக்டர் ஆபீஸில் கந்துவட்டிக் கொடுமையால் ஒரு குடும்பமே தீக்குளித்ததும் எல்லாருக்கும் தெரியும். பட்டா விஷயமாக ஒரு திங்கட்கிழமை மனுக் கொடுக்கப் போனபோது, வாசலில் போலீஸ்காரர் என் தண்ணீர் பாட்டிலைத் திறந்து மோந்து பார்த்துவிட்டுத்தான் உள்ளே விட்டார். எனக்குக் கோபம் வரவில்லை.

சொல்ல வந்தது வேறு. சித்தப்பா பிசான அறுவடை முடிந்ததும் ஒருவரிடம் வாங்கியதை மொத்தமாகக் கட்டினார். புரோநோட்டைக் கேட்டால், "எங்கனயோ கெடக்கு, பொறவு தாரேன், நமக்குள்ள என்ன" என்கிறார். சித்தப்பா கடையை விட்டு இறங்கவில்லை. மத்தியானம் வரை அந்த பெஞ்சிலேயே இருந்தார். கடைசியில் அந்த ஆள் மேசை இழுப்பிலிருந்து ரப்பர் பேண்டு போட்ட ஒரு கட்டை எடுத்து, வெற்றிலை எண்ணுகிற மாதிரி விரலால் தள்ளித் தள்ளித் தேடினார். பக்கத்தில் நின்ற எனக்கு ஒவ்வொரு நோட்டிலும் கையெழுத்து தெரிந்தது. எங்கள் வாத்தியார், கோவில் பூசாரி, கடனே வாங்க மாட்டேன் என்று ஊரெல்லாம் சொல்லித் திரியும் என் மாமா. சிலதில் ரெவின்யூ ஸ்டாம்பும் கையெழுத்தும் மட்டும், தொகை எழுதவே இல்லை! மாமாவிடம் இன்றுவரை நான் கேட்கவில்லை.

பாளை ரிட்டயர்டு:
நான் வங்கியில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவன். கவுண்டரில் ஒரு அம்மாள் கடன் முடிந்த சந்தோஷத்தில் என் காலில் விழப் போனார், அது ஒன்றுதான் என் அனுபவம். மற்றபடி எல்லாரும் இதைக் கொஞ்சம் கவனிக்கணும்.

சேரன்மாதேவித் தம்பி, கடன் முடிந்த கடிதம் வேறு, வில்லங்கம் வேறு. வங்கி ஆளைச் சார்பதிவாளர் ஆபீஸுக்கு வரச்சொல்லி ரசீது ஆவணம் பதிவு செய்தால்தான் அந்த வரி தீரும். பதிவுத்துறை இணையதளத்திலேயே வில்லங்கம் பார்க்கலாம், அப்புறம் ஒருமுறை பார்த்து உறுதி செய்யுங்கள். மூலப் பத்திரத்தைத் திருப்பித்தர இழுத்தடித்தால் விடாதீர்கள். 2023 டிசம்பர் 1 முதல், கடன் முழுக்க முடிந்த 30 நாளுக்குள் பத்திரத்தைக் கொடுக்க வேண்டும், வங்கியின் தவறால் தாமதமானால் நாளுக்கு 5,000 ரூபாய் கொடுக்க வேண்டும் என்பது ரிசர்வ் வங்கி உத்தரவு. எழுத்தில் கேளுங்கள், வாய்ப்பேச்சு உதவாது.

அப்புறம் 'செட்டில்மென்ட்'. பாதியைக் கட்டு, மீதியை விட்டுவிடுகிறோம் என்பார்கள். கட்டினவர் கடன் தீர்ந்தது என்று நினைத்துக்கொள்வார். நம் கடன் வரலாற்றைக் காட்டும் சிபில் அறிக்கையில் 'முடிந்தது' என்று வராது, 'செட்டில் ஆனது' என்று வரும். இரண்டுக்கும் வித்தியாசம் மகன் படிப்புக் கடனுக்கு இவர் கூட்டுக் கையெழுத்துப் போடப் போகும்போது தெரியும். ஜாமீன் போட்டவர்களும் கேட்டுக்கொள்ளுங்கள், அடுத்தவர் வாங்கிய கடன் உங்கள் சிபிலிலும் இருக்கும்.

மானூர்க்காரர் சித்தப்பா செய்ததுதான் சரி. நோட்டு கையில் வராமல் பணத்தைக் கொடுக்கக் கூடாது. மூன்று வருஷம் போனால் நோட்டு செல்லாது என்று நம்பி இருப்பவர்களுக்கும் ஒன்று. இடையில் கொஞ்சம் பணம் கொடுத்து, அதை நோட்டின் பின்பக்கம் எழுதிக் கையெழுத்துப் போட்டால் அந்தத் தேதியிலிருந்து கணக்கு திரும்பத் தொடங்கும்.

முக்கூடல் அம்மாவுக்கு: சிறுகடன் நிறுவனங்கள் காலை 9 மணிக்கு முன்னாலும் மாலை 6 மணிக்குப் பின்னாலும் போன் செய்து கடனைக் கேட்கக் கூடாது. இதுவும் விதி.

வள்ளியூர் மைனி:
ரிட்டயர்டு சார் சொன்னதெல்லாம் சரிதான், ஆனால் கடன் என்றால் வங்கி மட்டுமா?

எங்கள் மாமனார் ஒரு வட்டிக்கடை வாசல் மிதித்ததில்லை. அவர் இறந்து கருமாதி முடிந்த மறுநாள் அத்தை சுருள் நோட்டை, அதான் மொய் நோட்டை, எடுத்துக்கொண்டு உட்கார்ந்தார்கள். எங்கள் கல்யாணத்துக்கு யார் யார் எவ்வளவு சுருள் வைத்தார்கள் என்று மாமனார் கையால் எழுதிய நோட்டு. திருப்பிச் செய்ததற்கெல்லாம் டிக் இருந்தது. டிக் இல்லாத பெயர்களை அத்தை வாசிக்க வாசிக்க, நான் ஒரு தாளில் எழுதினேன். "இவுக வீட்ல பொண்ணு பிளஸ் டூ படிக்கா. நாலஞ்சு வருசத்துல வந்துரும்" என்றார்கள். தாள் ரெண்டு பக்கமும் நிறைந்துவிட்டது. அதை என் கையில் கொடுத்து, "மாமா யாருக்கும் பாக்கி வச்சிட்டுப் போவல" என்றார்கள். நான் அந்தத் தாளைப் பார்க்கிறேன், அத்தையைப் பார்க்கிறேன்.

மானூர் கரிசல்:
மைனி, இதையும் கந்துவட்டியையும் ஒரே தட்டில் வைக்காதீங்க. சுருளுக்கு வட்டி கிடையாது, வீட்டு வாசலில் வந்து நின்று யாரும் கேட்பதில்லை. உங்கள் வீட்டுக் கல்யாணத்துக்கு அந்தப் பணம் உதவியிருக்கும்லா? அது உறவு. அதையும் கடன் என்றால் அப்பா அம்மா வளர்த்ததுக்கும் நோட்டு போடணும்.

வள்ளியூர் மைனி:
வாசலில் வந்து கேட்க மாட்டார்கள், சரி. மண்டபத்தில் மைக்கில் பெயரையும் தொகையையும் வாசிப்பார்கள். அதுக்கு வாசலே மேல். நீங்க செய்முறைக் கணக்கு பார்த்ததே இல்லை போலிருக்கு, உங்கள் வீட்டில் யார் பார்க்கிறார்கள் என்று கேட்டுப் பாருங்கள்.

களக்காட்டு வாழை:
2021-ல் கூட்டுறவில் அஞ்சு பவுன் வரைக்கும் நகைக் கடன் தள்ளுபடி வந்ததே, அப்போது நானும் சொசைட்டி வாசலில் நின்றேன். கணக்கு 40 கிராம். என்னுடையது மொத்தமாக அதைக் கொஞ்சம் தாண்டிவிட்டது, பட்டியலில் இல்லை. எனக்கு முன்னால் நின்றவருக்குக் கிடைத்தது. சங்கிலியை வாங்கி அங்கேயே சம்சாரம் கழுத்தில் போட்டுவிட்டார், ரெண்டு பேரும் சிரித்த சிரிப்பு இருக்கே! உரத்துக்குப் பணம் வேண்டி அதே சங்கிலியை அவர் வேறு இடத்தில் வைத்தது அந்த மாதமே. அவரைக் குறை சொல்ல மாட்டேன். காற்றடித்து வாழை சாய்ந்தால் நானும் அதுதான் செய்வேன்.

பீடித்தட்டு:
ரிட்டயர்டு சார், ஒன்பது மணி ஆறு மணி விதி சொன்னதுக்கு நன்றி. அந்தப் பையன் போன் அடிக்கிறதே இல்லை சார், ஏழரைக்கு நேரே வந்துவிடுவான். வருகிற செவ்வாய்க்கிழமை உங்களுக்குத் தோது இருந்தால் முக்கூடல் பஸ் ஏறி வாங்க, எங்கள் திண்ணையில் உட்கார்ந்து நீங்களே அவனிடம் சொல்லுங்க. காப்பி என் செலவு.