டோக்கியோ விசாரணை: நீதியா, ஜெயித்தவர்களின் பழிவாங்கலா?

வைகைக்கரை:
இரண்டாம் உலகப்போர் முடிந்ததும் ஜப்பான் தலைவர்களை நேச நாடுகள் டோக்கியோவில் விசாரித்தன. 1948 டிசம்பர் 23 அன்று அங்கே சுகாமோ சிறையில் போர்க்காலப் பிரதமர் டோஜோ உட்பட 7 பேரைத் தூக்கில் போட்டார்கள். அதை நீதி என்று ஏற்க எனக்கு மனம் வரவில்லை. 11 நீதிபதிகளும் போரில் ஜெயித்த அணி நாடுகளின் ஆட்கள். ஹிரோஷிமாவில் குண்டு போட்டவர்களை யார் விசாரித்தார்கள்? அந்த 11 பேரில் ஒருவரான நம் இந்திய நீதிபதி ராதாபினோத் பால்தான் அத்தனை பேரையும் விடுதலை செய்யவேண்டும் என்று துணிந்து எழுதினார்.

தைப்பிங் தமிழன்:
பால் சொன்னதை முழுசாகச் சொல்லுங்கள் ஐயா. கொடுமைகள் நடந்ததை அவர் மறுக்கவே இல்லை. போர் தொடுப்பது அன்றைய சட்டப்படி குற்றமில்லை, கொடுமைகளுக்கு இந்தத் தலைவர்கள் பொறுப்பு என்று நிரூபணமாகவில்லை என்பதுதான் அவர் வாதம்.

எங்கள் மலாயாத் தோட்டங்களிலிருந்து தமிழர்களைக் கூட்டங்கூட்டமாக ஜப்பானியர்கள் சயாம் (தாய்லாந்து)–பர்மா ரயில்பாதை வேலைக்குக் கொண்டுபோனார்கள். 1943 மழைக்காலத்தில் காலரா வந்தது. வெள்ளைக்காரப் போர்க்கைதிகளுக்காவது கூடவே அவர்களுடைய டாக்டர்கள் இருந்தார்கள். நம் ஆட்களுக்கு அதுவும் இல்லை. செத்தவர்களின் பெயரை எழுதிவைக்கக்கூட ஆளில்லை. அந்த ரயில்பாதையில் வேலை செய்த ஆசியக் கூலிகள் 1,50,000 பேரில் குறைந்தது 60,000 பேர் இறந்தார்கள் என்று பதிவுசெய்தது இதே டோக்கியோ தீர்ப்புதான். போர்க்கைதிகளை அந்த வேலைக்கு அனுப்ப ஒப்புதல் கொடுத்த ராணுவத் துணை அமைச்சர் கிமுரா தூக்கில் போன 7 பேரில் ஒருவர்.

வைகைக்கரை:
கிமுரா சரி. இஷீ ஷிரோ? மஞ்சூரியாவில் ஜப்பான் ராணுவத்தின் 731ஆம் பிரிவை வைத்து உயிருள்ள மனிதர்கள்மேல் கிருமிச் சோதனை நடத்தியவர். சோதனை விவரங்களை வாங்கிக்கொண்டு அமெரிக்கா அவரை விட்டுவிட்டது. ஜப்பான் பேரரசர் ஹிரோஹிட்டோவைக் கூண்டு பக்கமே கொண்டுவரவில்லை. அவர் விருப்பத்தை மீறி எந்த ஜப்பானியனும் நடக்கமாட்டான் என்று டோஜோ வாய்தவறிச் சொல்லிவிட்டார்; ஒரே வாரத்தில் அதை மாற்றிச் சொல்லவைத்தார்கள். இதற்குப் பெயர் கோர்ட்டா?

செந்தூரம்:
இஷீ தப்பித்தது அநியாயம், சந்தேகமே இல்லை. ஆனால் அது கிமுராவை விடுவிக்கக் காரணமாகுமா? விட்டுப்போனவர்களையும் கூண்டில் ஏற்றியிருக்கவேண்டும் என்றல்லவா கேட்கவேண்டும்? 731 ஆட்கள் சிலரை சோவியத் அரசு 1949-இல் கபரோவ்ஸ்கில் விசாரித்துத் தண்டித்தது. மேற்கு நாடுகள் அதைப் பிரச்சாரம் என்று ஒதுக்கின.

வைகைக்கரை:
டோக்கியோவில் தண்டிக்கப்பட்டவர்களையாவது உள்ளே வைத்தார்களா? உயிரோடிருந்த ஆயுள் கைதிகள் 1956-க்குள் எல்லோரும் வெளியே. 7 வருடத் தண்டனை பெற்ற ஷிகெமிட்சு 1954-இல் வெளியுறவு அமைச்சர். சுகாமோவில் விசாரணையே இல்லாமல் இருந்து வெளிவந்த டோஜோ அரசின் அமைச்சர் கிஷி 1957-இல் பிரதமர்.

தைப்பிங் தமிழன்:
பனிப்போருக்கு ஜப்பான் தேவைப்பட்டது, விட்டார்கள். அந்தக் கோபம் எனக்கும் உண்டு. ஆனால் விசாரணையே நடக்காமல் இருந்திருந்தால் அந்த 60,000 என்ற எண்ணை இன்று எந்தத் தீர்ப்பிலிருந்து எடுத்துக் காட்டுவேன்?